மலையப்பனுக்குப் போன முடி

தலைமுடித் தைலம் விற்கும் கடைக்கு யாரும் எண்ணெய் வாங்க வருவதில்லை. போனதைத் திருப்பிக் கேட்கவே வருகிறார்கள். கடவுளிடமும் அப்படித்தான் போகிறார்கள் என்றாலும், அவர் முன்னால் யாரும் காலிக் குப்பியை ஆட்டிக் காட்டிச் சண்டை பிடிப்பதில்லை. கடைப் பலகைக்குப் பின்னால் நின்று பிறருடைய ஏமாற்றங்களுக்குப் பதில் சொல்லியே காலங்கழித்த அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தண்ணீர் செய்த குற்றம்

அறுபதுகளில் நான் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு வைத்தியரின் ஆயுர்வேதக் கடையில் விற்பனைப் பொறுப்பில் இருந்தேன். காலையில் பதிகங்களை ஓதி, நெற்றி நிறைய நீறணிந்து, பிறகுதான் கடைக்கு வருவேன். கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிச்சாறு, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்து, அடியில் தங்கும் வண்டல் விரலிடையே திரிபோல உருளும் பதம் வரும்வரை பின்கட்டில் தைலம் காய்ச்சுவார்கள். அன்று தெருவே மணக்கும். தம்முடைய ரசத்தின் வாசனை யார் மூக்கிலும் ஏறவில்லை என்று எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர் முறையிடுவார். வைத்தியருக்குக் கழுத்துவரை கருங்கேசம். ஆயினும் அவர் தம் தைலத்தைத் தொட்டுப் பூசி நான் பார்த்ததில்லை. என் தலையிலோ ஒன்றுமில்லை. வியாபாரம் கெட்டுவிடும் என்று அவரே எனக்கு ஒரு தலைப்பாகை வாங்கித் தந்தார்.

முடி உதிர்ந்தால் பம்பாய்த் தண்ணீரைக் குறை சொல்வது எங்கள் கடையின் மரபு. வாடிக்கையாளரும் நோகார், தைலமும் நோகாது. தாராவியிலிருந்து நடந்தே வரும் ஞானமணி அம்மாளிடமும் ஒரு நாள் அந்த மந்திரத்தைச் சொன்னேன். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்; பிள்ளைப்பேற்றுக்குப் பின் முடி கொட்டுகிறதென்று எண்ணெய்க்கு வந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

“தண்ணி வந்தாத்தான அண்ணாச்சி அதைக் குத்தஞ் சொல்லதுக்கு? எங்க சந்துல குழாய் வெறுமனே இருமிட்டுக் கெடக்கு. எனக்கு முடி கொட்டுனதே அந்த வரிசையில நின்னுதான்.”

நிரந்தர உத்தியோகம்

திலக் நகரிலிருந்து அலமேலு அம்மாள் தம் ஒரே மகன் கல்யாணராமனை அழைத்து வந்தார். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நல்ல பிள்ளை, முன்நெற்றி மட்டும் உச்சந்தலையை நோக்கி யாத்திரை புறப்பட்டிருந்தது. பெண் வீட்டாருக்குக் கல்லூரிக் காலத்துப் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் இருந்த அலைபாயும் கிராப்பைத் தேடி வந்தவர்கள், நேரில் அதைக் காணாமல் காபியோடு விடைபெற்றிருக்கிறார்கள். இப்படி இரண்டு இடங்கள் தட்டிப்போயின. அடுத்து செம்பூரில் ஓர் இடம் பேச்சில் இருந்தது. அதற்குள் தலையைச் செப்பனிட வேண்டும் என்பது அம்மாளின் கட்டளை.

வைத்தியர் நாடி பார்த்து, உதிர்வதை இந்தத் தைலம் நிறுத்தும், முளைப்பது அவரவர் பிராப்தம் என்று நேர்மையாகவே சொன்னார். முதல் பாதியைக் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியைக் காதில் வாங்காமல் போவதுதான் நம் ஜனங்களின் வழக்கம். அம்மாள் என் பக்கம் திரும்பி, மகன் கேட்கும்படியே சொன்னார்:

“நீங்களே சொல்லுங்கோ பிள்ளைவாள், இவனுக்கு உத்தியோகம் பெர்மனென்ட், தலைமுடிதான் டெம்பரவரி.”

நகர மறுத்த கோப்பு

தைலத்தை இளஞ்சூட்டில் தேய்த்து, சற்று ஊறவிட்டு, பயத்தமாவால் அலச வேண்டும். இதை நான் பலமுறை விளக்கினேன். கல்யாணராமனோ, சற்று ஊறினால் சற்று முளைக்கும், நாள் முழுதும் ஊறினால் நிறைய முளைக்கும் என்று குமாஸ்தாக் கணக்குப் போட்டுக்கொண்டு, அலசாமலே லோக்கல் வண்டி ஏறத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற குஜராத்திக்காரர் சட்டையில் தைலம், கைக்குட்டையில் தைலம், அலுவலகத்தில் குனிந்து எழுதினால் கோப்பில் தைலம். அது பல மாதமாக ஒரே மேஜையில் கிடந்த கோப்பாம். தஞ்சாவூர்க்காரரான அவருடைய மேலதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். கோபிக்கவில்லையாம். அவர் சொன்னதைக் கல்யாணராமன் என்னிடம் அழாக்குறையாக ஒப்பித்தார்:

“எண்ணெய் போட்டாலாவது நம்ம ஆபீஸ் ஃபைல் நகர்றதான்னு பார்ப்போம், ஓய்.”

வேண்டுதல்

சில மாதங்களில் உதிர்வது நின்றது. அது மட்டுமன்றி, முன்நெற்றியில் பூனைமுடி போல ஏதோ அரும்பவும் செய்தது. அலமேலு அம்மாள் மகனின் மோவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். வைத்தியர் கைகட்டி, நாயகன் பல்லக்கேறும் திருக்கோலத்தில் நின்றார். அம்மாள் அவரைப் பாராட்டவில்லை. எல்லாம் மலையப்பன் கருணை என்றார். முதல் குப்பியைத் திறந்த அன்றே, பிள்ளைக்கு முடி முளைத்தால் அந்த முடியையே திருமலையில் இறக்கிக் காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டாராம். நிலுவையில் உள்ள பிரார்த்தனையைத் தீர்க்காமல் மங்கல காரியம் பேசக்கூடாதல்லவா? ஆகவே, செம்பூர்ப் பெண்ணைப் பார்க்கப் போவதற்குள் தலையை மழித்தாக வேண்டும்.

வைத்தியர் வாய் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். அன்று எண்ணெய் வாங்க வந்திருந்த ஞானமணி அம்மாள்தான் கடையில் தெளிவோடிருந்த ஒரே ஆத்மா. குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

“அப்பம் எதுக்கு மாமி இம்புட்டு எண்ணெயும் வாங்குனீய? மொளைக்காமலே விட்டிருந்தா சாமிக்கும் அலைச்சல் இல்ல, பிள்ளைக்கும் அலைச்சல் இல்ல.”

ஒரு கொத்து போதாதா

மறுநாள் கல்யாணராமன் தனியே வந்தார். பெண்ணின் பெயர் வசந்தா என்றும், தட்டச்சு வேலைக்குப் போகிறவள் என்றும், செம்பூர் நிலையத்தில் தினமும் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பதாகவும், தரகர் கொண்டுவந்த படத்தில் அதே முகத்தைக் கண்டதாகவும் சொன்னார். இந்த இடமும் தலையைக் கண்டு விலகிவிட்டால் இனி எந்த வீட்டுக் காபியும் தொண்டையில் இறங்காது என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தைலக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் பக்தி நூல்களில் தோய்ந்தவனாயிற்றே, முழுமுடிக்குப் பதில் ஒரு கொத்து கொடுக்க விதி உண்டா என்று கேட்டார்.

நான் படித்தவரையில் அடியார்கள் தம்மையே கொடுத்திருக்கிறார்கள்; ஒரு கொத்து கொடுத்தவரை எங்கும் கண்டதில்லை. நான் வணங்கும் பெருமானோ சடை வளர்த்தவர். இவ்விஷயத்தில் அவரிடம் யோசனை கேட்கவும் வழியில்லை. ஆயினும் பிள்ளையின் முகத்துக்காக அம்மாளிடம் பேசிப் பார்த்தேன். பெண்கள் பூமுடி கொடுப்பதில்லையா, அதுபோல இவரும் நுனியில் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்றேன். அம்மாள் என் நீற்றையும் தலைப்பாகையையும் இரக்கத்தோடு பார்த்தார்:

“அவன் தலையில முளைச்சதே மூணு கொத்து, பிள்ளைவாள், அதிலயும் பேரம் பேசினா பெருமாள் சிரிப்பார்.”

மொட்டையின் மகிமை

திருமலைக்குப் போய்வந்த கையோடு, மழித்த தலையில் சந்தனம் மணக்க, கல்யாணராமன் செம்பூரில் பெண் பார்க்கப் போனார். பெண்ணின் தகப்பனார் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். வரனின் பல், நடை, கையெழுத்து எல்லாவற்றையும் சோதிக்கும் பேர்வழி. ஆனால் மொட்டைத் தலைக்குப் பூர்வோத்தரம் கிடையாது. நேற்றுவரை அங்கே காடு இருந்ததா, கட்டாந்தரை இருந்ததா என்று எந்த இன்ஸ்பெக்டரும் சொல்ல முடியாது. மனிதர் உருகிப்போனார். எப்படியாவது இந்த இடம் முடிந்தால் போதும் என்று அலமேலு அம்மாள் சீர்வரிசைப் பேச்சையே எடுக்கவில்லை. அங்கேயே நிச்சயித்துவிட்டார்கள்.

வைத்தியருக்கு மட்டும் துக்கம். தம் தைலத்துக்கு வாய்த்த ஒரே சாட்சி திருமலையில் உதிர்ந்துவிட்டதே என்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அலமேலு அம்மாள் லட்டுப் பிரசாதத்தோடு வந்து, சம்பந்தி சொன்னதைப் பூரிப்போடு எனக்குச் சொன்னார்:

“கிராப்பைச் சீவிண்டு நிக்கற பசங்க நடுவில, பகவானுக்காகத் தலையையே குடுத்த பிள்ளை எனக்குக் கிடைச்சான்.”

திருப்பிக் கேட்காதவர்

திருமணம் நடந்தது. மாதங்கள் ஓடின. காதோரத்திலும் பின்கழுத்திலும் முடி முறைப்படி திரும்பி வந்தது. முன்நெற்றியில் அந்தப் பூனைமுடி வரவில்லை; அது மலையப்பனோடேயே தங்கிவிட்டது போலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மகளையும் மருமகனையும் இழுத்துக்கொண்டு கடையேறினார். காணிக்கைக்குப் பின் உங்கள் எண்ணெயைத்தானே தேய்க்கிறான், கொடுத்த முடி ஏன் முழுதும் திரும்பவில்லை, சரக்கில் கலப்படமா என்று குதித்தார். வைத்தியர் பின்கட்டில் பதம் பார்க்கப் போய்விட்டார். நான் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டேன். ‘அங்கே முன்பே ஒன்றுமில்லை ஐயா’ என்று சொன்னால் கடை பிழைக்கும், குடும்பம் குலையும். கல்யாணராமன் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தச் சந்நிதியிலும் கண்டதில்லை.

தண்ணீரின்மேல் பழியைப் போட நான் வாயெடுப்பதற்குள், வசந்தா தகப்பனாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது, குரலை உயர்த்தவேயில்லை:

“இந்தத் தலையை நான் செம்பூர் பிளாட்பாரத்திலேயே பார்த்தாச்சுப்பா. தலை நிறைய முடியோட என்னைப் பெண் பார்க்க வந்தவா ரெண்டு பேரும் ஸ்கூட்டர் கேட்டா. இவர் பெருமாளுக்குக் குடுத்ததைக்கூடத் திருப்பிக் கேக்கல்லை.”

போனதைத் திருப்பிக் கேட்காதவன் பாக்கியவான் என்று அன்று தெளிந்தேன். ஆனால் அவனை நம்பி யாரும் தைலக் கடை திறக்க முடியாது.