ஆரஞ்சு மிதவையை இழுத்த அண்ணன்

கோவளத்திலிருந்து தாம்பரம் திரும்பும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன்.

காலையில் ஸ்கூபா டைவிங் முடித்து மேலே வருவதற்கு முன், ஆரஞ்சு மிதவையில் காற்றை நிரப்பி மேலே அனுப்பினேன். கீழே ஆள் உண்டு என்று படகுகளுக்குச் சொல்வது அதுதான். கயிறு என் கையில்.

திடீரென்று யாரோ கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள். விட்டுவிட்டேன். பெல்ட்டில் மாட்டியிருந்தால் நானும் சேர்ந்து போயிருப்பேன். அந்த வேகத்தில் மேலே போனால் நுரையீரலே கிழியலாம்.

மெதுவாக ஏறித் தலையை நீட்டினால், பக்கத்திலேயே மீன்பிடிப் படகு. அதிலிருந்த அண்ணன் மடியில் என் மிதவை.

"யாரோட வலையோ அறுந்து வந்துகினு கீதுன்னு நெனச்சேன்க்கா. குடுத்துடலாம்னுதான் எடுத்தேன்."

"கீழே ஆள் இருக்குன்னு அதுல எழுதியிருக்கே அண்ணா!"

"இங்கிலீஷ்ல கீது. நீங்க வந்து சொன்னாத்தானே தெரியும்?"

மூன்று வருடமாக இந்த மீனவர்களின் கடலில் குதிக்கிறோம். மிதவை எந்த நிறத்தில் வாங்குவது என்று நம் டைவிங் குரூப்பில் ஒரு வாரம் சண்டை போட்டோம். அது என்னவென்று மீனவர் குப்பத்தில் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஞாயிறு காலை அங்கே சொல்லப் போகிறேன். யார் வருகிறீர்கள்?

இந்தப் பதிவுக்கு ஹார்ட் மட்டும் போடுகிறவர்கள், அடுத்த முறை அந்தக் கயிற்றை நீங்கள் பிடியுங்கள்.