முதுகில்லாத நாயகன்

2023 ஜூலை 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, ஆமத்தூரில் எட்டு மணி பஸ் ஏறி, ஒன்பதுக்கு முன்பே சிவகாசி அச்சகத்தில் என் நாற்காலியில் இருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் படம் வரைவது என் வேலை.

அந்த சீசனில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் புது யோசனை கிளம்பியிருந்தது. பெட்டி வாங்குகிறவர்களுக்குச் செல்போனில் ஒரு சாகச விளையாட்டு இலவசம். கோட்டைக்குள் புகுந்து புதையல் எடுக்கும் ஆளை நாங்கள் வரைந்து தர வேண்டும். கம்பெனிக்கு அது பிடித்துப்போனால்தான் படப்பிரிவு தீபாவளிக்குப் பிறகும் இருக்கும், இல்லையென்றால் மூடிவிடுவேன் என்று எங்கள் அச்சக முதலாளி சொல்லியிருந்தார். படப்பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

மூன்று வாரமாக ஒரு பெண்ணை வரைந்திருந்தேன். பின்னல், முழங்காலில் சிராய்ப்பு, தோளில் குறுக்காகத் துணிப்பை. முன், பின், பக்கவாட்டு, ஏறுவது, விழுவது எல்லாம். விழுந்தால் முதலில் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பாள், பிறகுதான் காலைத் தடவுவாள். அப்படிப்பட்டவளோடு ஓடத்தான் யாருக்கும் மனம் வரும்.

முதலாளி எந்தப் படத்தையும் கையில் வைத்துப் பார்க்க மாட்டார். அலமாரியில் பெட்டிகளுக்கு நடுவே சாய்த்துவிட்டு, வாசல்வரை போய் நின்று, கடைக்கு வந்தவர் போலக் கண்ணைச் சுருக்குவார். லேபிளுக்கு அது சரி. அவருக்கு உலகமே லேபிள்.

"யாரும்மா இது? ஆலைக்கு வேன் ஏற நிக்கிற புள்ள கணக்கா இருக்கு. இதைப் பாத்து எவன் வாங்குவான்?"

"பையனாப் போடுவோம் மாமா" என்றார் பக்கத்தில் நின்ற மருமகன். "கன்னம் செவப்பா வேணும். கிரீடம் வைக்கலாம். கூலிங்கிளாசும்."

"ரெண்டு கையிலயும் மத்தாப்பு குடும்மா" என்றார் முதலாளி.

"ரெண்டு கையிலயும் மத்தாப்புன்னா செவுத்துல எப்படி ஏறுவான் அண்ணாச்சி?"

"நீ போடு. அவன் ஏறிக்கிடுவான்."

மதியத்துக்குள் போட்டேன். இந்த ஊர்ப் பெட்டிகளிலெல்லாம் சிரிக்கும் அதே மொழுமொழு முகம். இருவரும் வாசலில் நின்று பெருமையாகத் தலையாட்டினார்கள். அனுப்பினோம்.

சாயங்காலம், விளையாட்டைச் செய்யும் கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, மூஞ்சி மட்டும்தான் வந்திருக்குது. முதுகு எங்கீங்க?"

"முதுகு எதுக்கு? பின்பக்கம் வெலையும் எச்சரிக்கையும்தான போடுவோம்?"

"அவன் முன்னால ஓடுவானுங்க, நாம பின்னால இருந்து ஓட்டோணும். ஆட்டம் பூரா முதுகுதானுங்க தெரியும்."

முதலாளி அசரவில்லை. என் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள முதுகு சும்மாதான கெடக்கு? அதை இவனுக்கு ஒட்டி விட்டுரு."

முன்னால் கிரீடம் வைத்த பையன், பின்னால் பின்னல் போட்ட பெண். மருமகன் இதற்கும் "சூப்பர் மாமா" என்றார். முடியாது என்றேன்.

"காலைல ஒட்டித் தாரியா, சேரைக் காலி பண்றியா?"

மறுநாள் காலை, மின்விசிறியைக்கூடப் போடாமல், அவளுடைய படங்கள் அத்தனையையும் நேராகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: இந்த முதுகு வேண்டுமென்றால் இந்த முகத்தோடுதான் கிடைக்கும்.