பத்து மணிக் கையெழுத்து

சென்ற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. "அக்கா, பெரிய சிஸ்டர் பூட்டாங்க. சீக்கிரம் வாங்கக்கா" என்று அழுதாள் எங்கள் நர்ஸ் ஒருத்தி. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஓரிக்கையில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தை அடைந்தபோது மணி ஒன்பதே முக்கால். பெரிய சிஸ்டர் குணவதி சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தார். கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைப் பழக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். 'பத்து மணி: வலப்பக்கம் புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. பத்து மணி ஆக இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

இல்லத்துக்கு வந்துபோய் அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதவியின் பெயர் நர்சிங் டைரக்டர். நமக்கெல்லாம் பெரிய சிஸ்டர். அப்பா சாப்பிட்டாரா என்று போனில் கேட்டால், "அர இட்லி. அதுவும் என்ன திட்டிக்கினேதான் துன்னாரு" என்று உள்ளதைச் சொல்வார். காலைச் சுற்றில் சார்ட்டைக் கடைசியாகத்தான் தொடுவார். முதலில் குதிகால், இடுப்பு, முதுகு. "பேப்பர் எங்கயும் ஓடிப்போவாதும்மா. முதுக காட்டு மொதல்ல" என்பார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புரட்டியபின் நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு வருடம் கருட சேவைத் திருவிழாவன்று பேருந்துகளைத் திருப்பிவிட்டதால் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. பிறகு நேரம் கிடைக்காது என்று, ஒரு முதிய நெசவாளரின் சார்ட்டை இரவு எட்டு மணி வரைக்கும் காலையிலேயே எழுதி முடித்துவிட்டேன். அவர் மதியம் ஒரு மணிக்கு இறந்துபோனார்.

பெரிய சிஸ்டர் கத்தவில்லை. "செத்தவர நாலு வாட்டி பொரட்டிக்கிறியேம்மா" என்றார். அவ்வளவுதான். இல்லத்தின் உரிமையாளர் ஓடிவந்து, "வேற சார்ட் எழுதி வெச்சிடுங்க சிஸ்டர், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பெரிய சிஸ்டரோ இறந்தவரின் மகனைக் கூப்பிட்டு அந்தத் தாளையே கையில் கொடுத்தார். "பொய்யா எழுதிக்கிறோம்பா. நான்தான் பொறுப்பு."

"காலைலருந்து எங்கப்பாவ யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டார் மகன்.

நான் ஒரு முறையாவது புரட்டினேனா என்று எனக்கே நினைவில்லை. "தெரியலப்பா. இனிமே தெரியவும் தெரியாது" என்று பெரிய சிஸ்டர்தான் பதில் சொன்னார். வேலையை விட்டுப் போகிறேன் என்று நான் அழுதபோது, "போனா இன்னொரு எடத்துல போயி எழுதுவ. இங்கியே இரு, நான் பாத்துக்கினு இருப்பேன்" என்றார். அதை அன்பு என்பதா, மிரட்டல் என்பதா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதங்களுக்கு முன் பக்கவாதம் அவரை எங்கள் வார்டிலேயே ஒரு கட்டிலில் போட்டது. பேச்சு போய்விட்டது. அவர் வேலை என்னிடம் வந்தது. விலகிப்போன நர்ஸ்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. எனக்கும் நேரமில்லை. சார்ட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு நகரத் தொடங்கினேன். எல்லாம் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும்.

கடைசி வாரங்களில், கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். விடமாட்டார். பாசம் என்று நினைத்தேன். கையைத் தட்டிக்கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போவேன்.

வியாழனன்று குளிப்பாட்டுவதற்காக அவரைப் புரட்டியபோதுதான் முதுகைப் பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

உரிமையாளர் வந்தார். வேறு சார்ட் எழுதச் சொன்னார். திருமுக்கூடலிலிருந்து வந்திருந்த பெரிய சிஸ்டரின் தங்கையைத் தனியே அழைத்து, முதுகைப் பற்றிச் சொல்லி, அந்தப் பத்து மணித் தாளைக் கொடுத்தேன். "எத்தினி நாளா அக்கா இப்படிக் கெடந்துது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பொய்யில்லை. இந்த வேலை எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு என்பதும் தெரியவில்லை.

பெரிய சிஸ்டரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த விரல்களின் பிடி ஒன்றுதான். புடவை கட்டும்போதெல்லாம் அது இழுக்கிறது. உங்களில் யாருடைய தாயோ தகப்பனோ எங்களிடம் இருந்தால், போன் செய்துவிட்டு வராதீர்கள். நேராக வாருங்கள். நான் எதிரில் வந்து நன்றாக இருக்கிறார் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.