செனட்டருக்கு ஒன்ஸ்மோர்

எழுபதுகளில், தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில், மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் ரோமாபுரி நாடகம்தான். அதில் அப்பா செனட்டர். செனட்டர் என்பது ஒரு பதவி என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த ஆளின் பெயர் என்றே நினைத்தார்கள். அம்மாவைக்கூட 'செனட்டர் பெண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜா வேஷம் ஊர்த்தலைவருக்கு உரியது. நடிக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பதில்லை.

அந்த வருஷம் தலைவர் செத்துப்போனார். அவர் மகனும் மச்சினனும் பதவிக்கு முட்டிக்கொண்டார்கள். அப்பா ஊர்க்கூட்டத்தில் மகனுக்காகப் பேசினார். ஜெயித்தது மச்சினன். மறுநாளே அப்பாவின் வல்லத்தில் ஏற ஆள் இல்லை. படகு கரையில் கிடந்து காய்ந்தது, வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

திருவிழா வந்ததும் புதுத் தலைவன் சொல்லி அனுப்பினான்: "மேடையில ஒழுங்கா முட்டி போட்டு வசனத்தச் சொல்லட்டும். வல்லத்துக்கு ஆளு வரும்."

கதையில் பழைய ராஜாவைக் கொன்று புது ராஜா வருவான். பழையவன் பக்கம் நின்ற செனட்டர் புதியவன் காலடியில் மண்டியிட வேண்டும். அப்பா மண்டியிடவில்லை. அட்டைக் கிரீடம் வைத்த புதுத் தலைவனின் மூஞ்சியைப் பார்த்தபடி நின்றார். வசனம் மறந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. எல்லோருக்கும்தான் மனப்பாடமாயிற்றே! "நான் உமது பாதத் தூசி, மாமன்னரே" என்று மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எடுத்துக்கொடுத்தார்கள். பாவிகள், உதவி செய்கிறார்களாம்.

என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும். தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லும்" என்றாள். "பிள்ளையப் பாத்துச் சொல்லும்."

அப்பா முட்டி போட்டுச் சொன்னார்.

தலைவனின் ஆட்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். நடிப்பு அத்தனை உருக்கம் என்று ஊரும் சேர்ந்து கத்தியது. ஒன்ஸ்மோர் கேட்டால் நடிகன் மறுக்கக் கூடாது. அப்பா எழுந்தார், மறுபடி முட்டி போட்டார். மறுபடியும் கத்தினார்கள். ராஜா சிரித்துக்கொண்டே காலை இன்னும் கொஞ்சம் நீட்டினான். அவனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. காலையில் வல்லத்துக்கு ஆள் வந்தது. அப்பா முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்கலே" என்றார்.

யாரும் தள்ளவில்லை. ஒருவன் மெல்ல, "ஒன்ஸ்மோர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா இன்னொரு தடவை சொன்னார்.