வராத கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

உறையின் பின்பக்கம் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். காலையில் கடையைத் திறந்ததும் அதைக் கழற்றுவதுதான் என் முதல் வேலை. பிறகு உறையை உருவி, வாசலில் உதறி, நாற்காலி முதுகில் போடுவேன். பள்ளிச் சீருடைத் துணி, நீலக் கட்டம் போட்டது. எங்கள் கம்ப்யூட்டருக்கு அது தொளதொளவென்று இருக்கும். ஊக்கு இல்லாவிட்டால் நழுவிக் கீழே விழுந்துவிடும். தைத்தவர் என் அண்ணி. அவருக்குத் தையல் தெரியாமல் இல்லை, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவர். கம்ப்யூட்டரை வாங்குவதற்கு முன்பே உறையைத் தைத்துவிட்டார். அவ்வளவுதான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் எங்கள் கடை. சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவோம். அண்ணி டைப் அடிப்பார். நான் எட்டாவதோடு நின்றவன், ஜெராக்ஸ் மெஷின் என் பக்கம். அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டால் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போது இருந்த கம்ப்யூட்டர் யாரோ வைத்திருந்து கொடுத்த பழசு. சூடு ஏறினால் நின்றுவிடும். அதனால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்திருப்போம். ஆயுத பூஜைக்கு அண்ணன் அதற்கு விபூதிப் பட்டை போட்டு சாம்பிராணி காட்டுவார். புகையெல்லாம் உள்ளேதான் போகும். வருகிறவர்கள் வேர்த்து ஒழுக நின்றுகொண்டு, "மெஷினுக்குக் காத்து, மனுசனுக்கு வேர்வையா?" என்று கேட்பார்கள். "மனுசன் நின்னுட்டா பரவால்ல, அது நின்னுட்டா நீங்க நாளைக்குத்தான் வரணும்" என்பார் அண்ணி.

புதுசு வாங்கவேண்டும் என்று அவருக்கும் தெரியும். டவுனில் கம்ப்யூட்டர் விற்கிறவரிடம் போய் விசாரிப்பார். அவர் நல்ல மனிதர், ஏமாற்றத் தெரியாதவர். அதுதான் வினையாகப் போனது. "இப்ப வாங்காதீங்கக்கா. பொங்கலுக்குப் புதுசு வருது. வேகம் ஜாஸ்தி, வெல கம்மி" என்பார். பொங்கல் வந்ததும் சித்திரை என்பார். அண்ணி திரும்பி வந்து என்னிடம் சொல்வார்: "நம்மால ஒரு தடவதான் தம்பி வாங்க முடியும். வாங்கின மறுநாளே அது பழசாப் பூடக் கூடாது." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு தடவை இஞ்சி டேப்பைக் கையோடு கொண்டுபோய், கடையில் பார்வைக்கு வைத்திருந்த திரையை அளந்துகொண்டு வந்தார். வரப்போவதும் இதே சைஸ்தான் என்று கம்ப்யூட்டர்காரர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே உறையைத் தைத்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். வரட்டும், தயாராக இருக்கிறோம் என்பதுபோல.

பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். "பொறக்கறதுக்கு முன்னாடியே சட்ட தச்சி மாட்டிட்டீங்களேம்மா. அது ஆவாதே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணிதான் சிரித்தார். "சொகப் பிரசவம் ஆவாது போல இருக்குண்ணா. ஆபரேசன்தான்." அந்தப் பேச்சு ரோடு முழுக்கப் பரவியது. கடை வாசலில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "கொழந்த பொறந்துட்டுதா?" என்று கேட்க ஆரம்பித்தான். எதிரில் புதுக் கடை போட்டிருந்த அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஜாஸ்தியாகவே கேட்டார். எங்களுக்கு நேர் எதிரிலேயே கடை போட்ட நாளிலிருந்து அண்ணி அவரிடம் பேசுவதில்லை.

ஆடிப் பௌர்ணமி அன்று, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். கிரிவலக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடந்து, கலெக்டர் ஆபீசில் ஒரு சான்றிதழை வாங்கி, எங்கள் கடைக்கு வரும்போது சாயங்காலம். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெப்சைட்டை மூடிவிடுவார்கள். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "போன வருசமும் இப்டித்தாம்பா தப்பிப் போச்சி. இந்தத் தடவயும் போனா அவங்கப்பா உடமாட்டாரு. மாப்ள பாத்து வெச்சிருக்காரு." அந்தப் பெண் சான்றிதழ்க் கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

வெப்சைட் திறக்கவே இல்லை. ஏதோ இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. அண்ணி படித்துவிட்டு, "உங்க சிஸ்டம் பழசு, புதுசு போட்டுட்டு வான்றான். இவனும் அதையேதான் சொல்றான்" என்றார். அணைத்துப் போட்டார். தட்டிப் பார்த்தார். நான் ஃபேனை இன்னும் கிட்டே நகர்த்தினேன். திரை நீலமாகி நின்றுவிட்டது. அண்ணி சாமி படத்துக்குக் கீழே தொங்கிய உறையை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்து, அந்தப் பெண்ணின் கையிலிருந்து கவரை வாங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். மலை சுற்ற வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

அங்கே ஒரே வரிசை. அண்ணியைப் பார்த்ததும் கடைக்காரர் விடவில்லை. "என்னாக்கா, கொழந்த பொறந்துட்டுதா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"இல்லப்பா" என்றார் அண்ணி. "வலி எடுத்துருச்சி. கொஞ்சம் எடம் குடு."

அந்த மனுசன் அண்ணியைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததற்கு, "அட சும்மா இருய்யா, கடைசி நாளு" என்று அதட்டினார். அவர் மெஷினில் அண்ணியே உட்கார்ந்து அடித்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ரசீது காகிதம் வெளியே வந்ததும் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். கசங்கிவிடும் என்று மடிக்கவே இல்லை.

மறுநாள் நானும் அண்ணியும் டவுனுக்குப் போனோம். கம்ப்யூட்டர்காரர் பதறிப்போனார். "ஆடியில யாருக்கா புதுசு வாங்குவாங்க? ஆவணி பொறக்கட்டும். பெருசா வருது, நெசமாவே வருது" என்றார்.

"வரட்டும். வந்தா நான் விசாரிச்சதா சொல்லு" என்றார் அண்ணி. "இப்ப இருக்கறத வண்டியில ஏத்து."

முன்பு அளந்த பீஸ் எப்போதோ விற்றுப் போயிருந்தது. அன்றைக்கு இருந்தது அதைவிடச் சின்னது. அதைத்தான் கொண்டுவந்தோம். அண்ணன் போனில் சத்தம் போட்டார், ஆடியில ஏன் எடுத்தீங்கன்னு. கம்ப்யூட்டர்காரர் சொன்னபடியே ஆவணியில் பெரியது வந்தது, விலையும் கம்மிதான். நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார். அதை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாது. திரும்ப எங்கள் கடைக்கு வரவில்லை. இடம் கிடைத்திருக்கும் என்று அண்ணி சொல்வார். கிடைக்காதவர்கள்தான் மறுபடியும் மறுபடியும் வருவார்கள். உறையைப் பிரித்துச் சின்னதாகத் தைக்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன். "அடுத்தது பெருசா வாங்குவோம் தம்பி. அப்ப சரியா இருக்கும்" என்று சொல்லி, சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார்.

அடுத்ததைப் பார்க்க அவர் இல்லை. சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், வீட்டுக்கு உடம்புதான் வந்தது. அதற்குப் பிறகு டைப் அடிக்க நானே கற்றுக்கொண்டேன். எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறேன். பாதிப் பேர் இப்போது போனிலேயே விண்ணப்பம் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. அன்று புதுசாக இருந்த மெஷின் இன்று பழசு. இனி வருகிற சாப்ட்வேரை இது தாங்காதாம். டவுன் கடையில் இப்போது கம்ப்யூட்டர்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறார். "இப்ப வாங்காதண்ணே. தீபாவளிக்கு ஒண்ணு வருது. நாம பேசினா அதுவே டைப் அடிச்சிக்கும்" என்றார். நல்ல பையன், அப்பாவைப் போலவே. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்தேன். எனக்கும் இனிமேல் ஒரு தடவைதான் வாங்க முடியும்.

இன்று அவருக்குப் போன் போட்டேன். நாளைக்கு வருகிறேன், இருக்கிறதில் ஒன்றை எடுத்து வை என்றேன். "ஆடியிலயாண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். சைஸ் என்ன என்று கேட்கவில்லை. சாயங்காலம் உறையைத் துவைத்து, கடைக்குப் பின்னால் கம்பியில் போட்டேன். ஆடிக் காற்று, காலைக்குள் காய்ந்துவிடும். ஊக்கு சட்டைப் பையில் இருக்கிறது.