மணல் மூட்டையில் சீடை

கோட்டு தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்குக் கோட்டை மாட்டிவிட்டு, தோள் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் நகர்வோம். பிறகு இன்னும் ஓரடி. சிராங்கூன் சாலையில் என் கடை ஐந்தடி நடைபாதையை ஒட்டி இருந்தது. உள்ளே வெளிச்சம் போதாது என்பதால் ஆளை நடைபாதையில் நிறுத்தித்தான் பார்ப்பேன். அன்று கோட்டு பிரமாதமாக விழுந்திருந்தது. ஆகவே வழக்கத்தைவிட ஓரடி கூடுதலாக நகர்ந்தேன். அந்த அடிக்குக் கீழே நடைபாதை இல்லை. சாக்கடைதான் இருந்தது.

வாடிக்கையாளர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "முதுகுப் பக்கம் இன்னும் பாக்கலியே?" என்று திரும்பி நின்று காட்டினார். முதுகும் நன்றாகத்தான் விழுந்திருந்தது. சொன்னேன். பிறகுதான் எழுந்திருக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

என்னைப் படுக்கவைத்துத் தூக்க, என் மைத்துனன் கடையின் கதவுப் பலகை ஒன்றைக் கழற்றினான். அவன் என் மனைவியின் தம்பி. என்னிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தான், படித்துக்கொண்டே இருந்தான். நான் சாக்கடையில் கிடந்தபடி, "மாப்ளே, அது இல்லடா, ஓரத்துப் பலகையக் கழட்டு. நடுவுல உள்ளதக் கழட்டினா ராத்திரி கதவு சேராது" என்றேன்.

"அத்தான், உங்க காலு வேற பக்கம் பாக்குதே!"

"அது பாக்கட்டும். நீ பலகையப் பாரு."

ஓரத்துப் பலகையில் கிடத்தி, வைக்கோல் ஏற்றும் மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு டிராம் எங்களை முந்திப் போயிற்று. அதிலிருந்த எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள்.

தொடை எலும்பு இடுப்புக்குள் நுழைகிற இடத்தில் ஒடிந்திருந்தது. வெள்ளைக்கார டாக்டர் குளோரோபாம் கொடுத்து, இழுத்து, எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்தார். எனக்கு எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெசர் ஒரு தமிழர். அவர்தான் பிறகு சொன்னார்.

"மயக்கத்துல என்ன பேசினீங்க தெரியுமா? தொரையப் பாத்து, கையத் தூக்குங்க, வயித்த எக்காதீங்க, உள்ள அளவு உள்ளபடி இருக்கட்டும்னீங்க."

"தொரை என்ன சொன்னாரு?"

"கையத் தூக்கினாரு. நீங்க அதட்டின அதட்டல் அப்படி."

கண் விழித்தபோது என் கால் ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருந்தது. கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருந்த சிறு உருளை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அதன் முனையில் கித்தான் துணியில் தைத்த மணல் மூட்டை தொங்கியது. தையல் மட்டமான தையல். என் காலை இழுத்துக்கொண்டு ஒற்றைத் தையல் மூட்டை ஒன்று தொங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது, வலியைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது.

டிரெசர் விளக்கினார். "இந்த மூட்டை ராப்பகலா இழுத்துக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் எலும்பு நீளம் கொறையாமச் சேரும். எடை கொறஞ்சா காலு கட்டையாயிடும். அப்புறம் நொண்டிதான்."

நொண்டினால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தையல் மிஷினை மிதிக்க இரண்டு காலும் ஒருசேர வேண்டும். ஒரு கால் எட்டவில்லை என்றால் தையல் விட்டுவிட்டு ஓடும். நான் படுத்திருந்த நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்திருந்தவன் என் மைத்துனன். அவன் தைத்த கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். நலம் விசாரிக்க வந்தார் என்று நினைத்தேன். உட்கார முடியவில்லை என்று சொல்ல வந்திருந்தார். என் கால் நீளமாகத் திரும்பி வருவது எவ்வளவு அவசியம் என்பது அன்று முழுதாக விளங்கியது.

அடுத்த கட்டிலில் ஒரு பாய் இருந்தார். சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். இடுப்பெலும்பை ஒட்டிச் சீழ் வைத்து, அறுத்துக் குழாய் போட்டிருந்தார்கள். கக்கத்தில் கட்டை வைத்து மெல்ல நடக்கலாம் என்று அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. நடந்து எங்கே போவது? சமையலறைப் பக்கம் போய், என்ன வேகிறது என்று மோந்துவிட்டு வந்து துக்கத்தோடு அறிவிப்பார்.

"தையக்காரரே, இன்னைக்கும் கஞ்சிதான். அரிசி எந்த ஊருக்குப் போயிருக்குன்னே தெரியல. தண்ணி மட்டும் வந்திருக்கு."

படுத்தே கிடக்கிறவர்களுக்குக் கஞ்சியும் ரொட்டியும்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. பார்க்க வருகிறவர்களின் தூக்குச்சட்டியை டிரெசர் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார். வெறுங்கையோடு ஒரு நோயாளியைப் பார்ப்பது என் மனைவிக்குப் பழக்கமில்லை. முதல் தடவை கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு மணல் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, கப்பலுக்குப் போறவங்களுக்கெல்லாம் இடுப்புப் பட்டைக்குள்ள கள்ளப்பை வச்சுத் தைப்பீங்களே?"

பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கள்ளப்பை எங்கள் தொழிலில் ஒரு தனி வேலை. பணத்தை மறைத்து எடுத்துப்போக விரும்புகிறவர்கள் கேட்பார்கள். வெளியே தையல் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தட்டக்கூடாது, வாய் எங்கே இருக்கிறதென்று உடையவனுக்கு மட்டுமே தெரிய வேண்டும். அதே அளவில், அதே கித்தானில், உள்ளே கள்ளப்பை வைத்த ஒரு மூட்டை தைத்துவரும்படி மைத்துனனுக்குச் சொல்லியனுப்பினேன். இரட்டைத் தையல் போடு, முனையில் மடித்துத் திரும்ப அடி என்று மறக்காமல் சொன்னேன்.

மறுநாள் டிரெசர் வேறு வார்டுக்குப் போன சமயம் பழைய மணலைப் புது மூட்டையில் கொட்டி மாற்றினோம். மைத்துனன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இழுப்பு விடாமப் பிடிடா!"

"விடலை அத்தான். ஆனா கயித்துப் பக்கம் உங்க காலும் வருது, நீங்களும் வர்றீங்க."

மனைவி சீடையையும் முறுக்கையும் கள்ளப்பைக்குள் போட்டாள். நான் கணக்கில் தவறாதவன். மூட்டையின் எடை இம்மியும் மாறக்கூடாது என்று சொல்லி, பலகாரம் எவ்வளவு போனதோ அவ்வளவு மணலை எடுத்துவிடச் சொன்னேன். அவள் ஒரு கையில் பலகாரமும் மறு கையில் மணலுமாகத் தூக்கிப் பார்த்துச் சரிசெய்தாள். டாக்டரின் எடைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குப் பெரிய திருப்தி.

எனக்கு மூட்டை எட்டாது. பாய்தான் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து எடுத்துத் தருவார். எனக்கு ஒன்று எடுத்தால் தமக்கு ஒன்று எடுத்துக்கொள்வார். நான் தூங்கும்போது எனக்கு எடுக்கமாட்டார், தமக்கு எடுப்பார்.

"முறுக்கு நல்லாருக்கு. சீடைதான் கொஞ்சம் கெட்டி. என் பல்லுக்கும் அதுக்கும் நேத்திலேருந்து பேச்சுவார்த்தை நடக்குது."

"அதை அவகிட்டச் சொல்லிடாதீங்க, பாய்."

"நான் எதுக்குச் சொல்றேன்? நாளைக்கும் சாப்பிட வேணாமா?"

இதற்கிடையில் என் உடம்பில் நல்ல மாற்றம் தெரிந்தது. காலில் இழுப்பு குறைந்தது. நாளுக்கு நாள் சுகமாக இருந்தது. வீட்டுப் பலகாரம் உடம்பில் சேர்ந்து எலும்பு கூடுகிறது என்று பாய் சொன்னார். நானும் நம்பினேன். மனைவியிடம் சொன்னபோது அவள் பெருமைப்பட்டு அடுத்த முறை அதிரசமும் கொண்டுவந்தாள்.

பிறகு டாக்டர் வந்து டேப்பை வைத்து இரண்டு காலையும் அளந்தார். அளந்ததை மறுபடி அளந்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு டிரெசரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னவாம்?" என்றேன்.

"போன தடவை அளந்ததவிட இப்பக் காலு கொறஞ்சிருக்காம். மூட்டை தொங்கும்போது எப்படிக் கொறையும்னு தொரைக்கே புரியல. இப்படியே போனா மறுபடி மயக்கம் குடுத்து இழுக்கணுமாம். அப்பவும் கட்டையாத்தான் நிக்கும்ங்கிறாரு."

அவர் போனதும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். போட்ட பலகாரத்துக்குச் சரியாக மணலை எடுத்தாயிற்று. அதில் தவறில்லை. ஆனால் போட்ட பலகாரம் இப்போது எங்கே இருக்கிறது? என் வயிற்றில் இருக்கிறது. பெரும்பங்கு பாயின் வயிற்றில் இருக்கிறது. மூட்டையில் இருப்பது பாதி மணலும் கொஞ்சம் காற்றும்.

"பாய்! நாம என் காலைத் தின்னுக்கிட்டிருக்கோம்!"

பாய் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். கையில் இருந்த மிச்ச முறுக்கைப் பார்த்தார். "இந்த ஒண்ணுல எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப இதை முடிச்சிடறேன். கடிச்சது கடிச்சாச்சு."

அன்று மாலை மனைவி வந்ததும் உண்மையைச் சொன்னேன். உடனே மூட்டையில் மணலைக் கொட்டு என்றேன். மணலுக்கு எங்கே போவது? மாற்றும்போது எடுத்த மணலை அவள் அன்றைக்கே ஜன்னலுக்கு வெளியே கொட்டியிருந்தாள். அவள் கையில் இருந்தது ஒரு பெரிய பை நிறையச் சீடை.

"எடை தானே வேணும்? இது மணலைவிடக் கனம்" என்றாள். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரை முறைத்தேன். கள்ளப்பை முட்ட முட்டச் சீடையை நிரப்பினாள். "ஒண்ணையும் தொடக்கூடாது, அண்ணே. இது மருந்து" என்று பாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உடனே இழுப்பு திரும்ப வந்தது. இவ்வளவு ஆனந்தமாக நான் எந்த வலியையும் பட்டதில்லை. பாய் அன்றிரவு மூட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார். தம் பலவீனம் தெரிந்த மனிதர்.

காலையில் பழைய அதிரசத்தின் தூளைத் தேடி எறும்புகள் வந்தன. கட்டில் கால் வழியாக ஏறி, கயிற்றில் ஒரே வரிசையாக மூட்டைக்கு இறங்கின. சில எறும்புகள் வழி தவறி என் பாதத்துக்கு வந்தன. டாக்டர் வார்டுக்குள் நுழைந்த நேரத்தில் ஒன்று என் பெருவிரல் இடுக்கில் கடித்தது. சொறிய முடியாது, அசையக் கூடாது. பல்லைக் கடித்தேன். இரண்டாவது கடித்தது. காலை ஒரே உதறு உதறிவிட்டேன்.

மூட்டை குதித்தது. மைத்துனன் போட்டது ஒற்றைத் தையல். அடியில் சர்ரென்று பிரிந்தது. முதலில் மணல் விழுந்தது. பிறகு சீடை கொட்டியது. தரை முழுக்க உருண்டு, டாக்டரின் சப்பாத்தில் இடித்துத் தெறித்து, வார்டின் கடைசிக் கட்டில் வரை ஓடியது. ஒன்று கூட உடையவில்லை.

டாக்டர் ஒன்றைக் குனிந்து எடுத்து, விரலால் உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். டிரெசரிடம் கேட்டார். டிரெசர் என்னைப் பார்த்தார், சீடையைப் பார்த்தார், மெதுவாக என்னவோ பதில் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"இது என்ன வகைக் குண்டு, யாரு போட்டதுன்னு கேட்டாரு. தீனின்னேன். நம்பல."

டாக்டர் சீடையைத் தரையில் வைத்துச் சப்பாத்தால் மிதித்தார். உடையவில்லை. இன்னும் பலமாக மிதித்தார்.

"ஒடையாது தொரை. நான் பாத்துட்டேன்" என்றார் பாய் தமிழிலேயே.

இரண்டு கட்டில்களுக்கு அடியிலிருந்தும் பாயின் தலையணைக்கு அடியிலிருந்தும் முறுக்குத் துண்டுகள் கிடைத்த பிறகுதான் டாக்டருக்குக் கதை முழுதும் விளங்கியது. அவர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. கோட்டின் தோள் மடிப்பு அப்போது சரியாக விழவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அதன் பிறகு என் காலை இழுத்தது இரும்புத் தராசுக்கல். அதைத் தின்ன முடியாது. நான் கூடுதல் காலம் படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. கஞ்சியைக் குடித்தேன். மனைவி வெறுங்கையோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீடையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாய் மட்டும் ஒரு முறை, "தங்கச்சி, அடுத்த தடவை மாவுல கொஞ்சம் வெண்ணெய்..." என்று ஆரம்பித்து, அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக டாக்டர் அளந்தபோது கால் சுண்டுவிரல் அகலம்தான் குறைந்திருந்தது. போதுமா போதாதா என்பது கடைக்குப் போனால்தான் தெரியும். கக்கத்தில் கட்டையோடு போய் இறங்கினேன். மைத்துனன் மிஷினை விட்டு எழுந்து நின்றான். அவன் எழுந்த வேகத்தைப் பார்த்தால், என்னைவிட அவனுக்குத்தான் என் கால் எட்ட வேண்டும் என்று இருந்தது. நான் உட்கார்ந்தேன். வலது கால் மிதிபலகையில் படிந்தது. இடது காலின் குதிகால் கொஞ்சம் அந்தரத்தில் நின்றது.

மைத்துனன் ஓடிப்போய்க் கித்தான் துண்டு ஒன்றை மடித்துக் கொண்டுவந்து குதிகாலுக்குக் கீழே வைத்தான். அவன் செய்த வேலைகளில் அளவு சரியாக இருந்தது அது ஒன்றுதான். மிதித்தேன். சக்கரம் சுற்றியது. தையல் எங்கும் விடாமல் ஓடியது.

"மீதிக் கித்தானையும் எடு, மாப்ளே" என்றேன். முதல் வேலையாக ஒரு மணல் மூட்டை தைத்தேன். இரட்டைத் தையல், முனையில் மடித்துத் திரும்ப அடித்தது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டிரெசர் நன்றி சொல்லி வாங்கினார். வெளியே தடவினார். உள்ளே கையை விட்டுத் தடவினார். மூட்டையை உள்வெளியாகப் புரட்டி, ஒவ்வொரு தையலாக நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. சத்தியமா வெறும் மூட்டை" என்றேன்.

பாய் இன்னும் அதே கட்டிலில் இருந்தார். கட்டையை ஊன்றிக்கொண்டு அவசரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியா?" என்றார். அறுவைக்குப் போன அன்று கூட அவர் முகம் அப்படி வாடியிருக்காது.