மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்ட கதை

கொச்சங்காடியில் நான் சுமை தூக்கிய குடோனில் இப்போது படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு எங்கள் மேஸ்திரி ஞாபகம் வரும். அவர் கை கட்டப் பழகியது பெரிய பாடு.

அங்கே அப்போது மிளகு இருந்தது. மூட்டையைத் தட்டினால் காய்ந்த மிளகு சலசலக்கும். ஈரம் இருந்தால் தொப்பென்று அடங்கிவிடும். மேஸ்திரி விரித்த கையால் ஓங்கி ஒன்று தட்டி, மூட்டையில் காதை வைப்பார். சரியில்லை என்றால், "ஈரம். தள்ளி வை" என்பார். அதோடு விடமாட்டார். சுமந்து வந்தவன் பிடரியிலும் ஒன்று வைப்பார். ஈரத்துக்கும் எங்கள் பிடரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகம் கிடைக்கும்.

அவர் மனைவி அதே குடோனில் சுக்கு பொறுக்குவார். சின்ன மகளும் கூட வரும். காலிச் சாக்கில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தகப்பனையே பார்த்துக்கொண்டிருக்கும். அழாது, ஓடாது. தங்கமான பிள்ளை என்று சொல்வோம். ஒருநாள் மிளகுக் குவியலில் ஏறி இடுப்பு வரை புதைந்துவிட்டது. இனிமேல் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்றார் முதலாளி. அங்கன்வாடியில் சேர்த்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பிள்ளை அங்கே இருக்கும் வரைதான் தாய்க்கு இங்கே வேலை.

கொஞ்ச நாளில் டீச்சர் ஆள் அனுப்பினார். பிள்ளை எல்லோரையும் அடிக்கிறதாம். மற்ற தாய்மார் சண்டைக்கு வருகிறார்களாம். தகப்பன் வந்து இதற்கு ஒரு வழி சொல்லாவிட்டால் நாளை முதல் கொண்டுவர வேண்டாமாம். அன்று மேஸ்திரியின் மனைவி பொறுக்கிய சுக்கில் பாதி உடைந்திருந்தது.

மேஸ்திரி என்னையும் கூட்டிப் போனார். கோபம் வந்தால் அவருக்கு அந்த ஊர் மலையாளம் மறந்து தமிழ்தான் வரும்; டீச்சரிடம் பேச ஒரு ஆள் வேண்டும். வழியெல்லாம் பேசினார். தெருப் பிள்ளைகள் சரியில்லை, டிவி சரியில்லை என்றார். ஒருவன் சைக்கிளில் உரசிக்கொண்டு போனான். அவனைப் பிடித்துப் பிடரியில் ஒன்று வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"வீட்ல நாங்க ஒச்ச வெச்சு, சத்தமாப் பேசுறதே இல்லடா. இது எங்கேந்து படிச்சுது?"

டீச்சர் எங்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி மகள் பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்து வந்தது. ஒருவன் முதுகில் ஓங்கித் தட்டியது. முதுகில் காதை வைத்தது. அவன் தேறினான். அடுத்தவன் முன்பே அழுதுகொண்டிருந்தான். தட்டியது, கேட்டது.

"ஈரம். தள்ளி வை."

பிடரியில் ஒன்று வைத்தது. இரண்டு பேர் வந்து அவனை மூலைக்கு இழுத்துப் போனார்கள். எங்கள் குடோனில் கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. மூலையில் ஏற்கெனவே நாலைந்து பேர் விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

இது என்ன விளையாட்டு என்று டீச்சர் என்னிடம் கேட்டார். மிளகுக்கு ஈரம் பார்க்கும் முறையைச் சொன்னேன். பிடரியில் அடிப்பதும் அந்த முறையில் சேர்ந்ததா என்றார். அது மேஸ்திரியின் சொந்தச் சேர்மானம் என்றேன்.

மேஸ்திரி விறுவிறு என்று உள்ளே போனார். "ஆருடீ உனக்கு அடிக்கப் படிச்சுத் தந்தது?" என்று கையை ஓங்கினார்.

பிள்ளையும் ஓங்கியது. தடுக்க இல்லை. அதே உயரம், அதே விரிந்த கை. வரிசையில் நின்றவர்களும் ஓங்கினார்கள். மூலையில் இருந்த ஈரமானவர்களும் விசும்பிக்கொண்டே ஓங்கினார்கள். மேஸ்திரியின் கைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்தது. எல்லோரும் சொறிந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டினார். எல்லோரும் கட்டினார்கள். அறை அடங்கியது.

"அங்ஙனே நில்லு" என்றார் டீச்சர். அப்படியே நிற்கச் சொன்னது யாரை என்று தெரியவில்லை. மேஸ்திரியும் நின்றார்.

ஒரு வாரம் பார்க்கலாம், தகப்பனே தினமும் கொண்டுவந்து விடட்டும், கை இப்படியே இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். தெருவில் தகப்பனும் மகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள். குடோனிலும் அப்படித்தான். மூட்டையைத் தட்ட மட்டும் கை வெளியே வரும். ஈரம் என்பார். கை எங்கள் பிடரி வரை வந்து திரும்பிப் போய்விடும். பழக்கத்தில் குனிந்தவர்கள் நிமிர்ந்துகொள்வோம்.

வாரம் முடிந்ததும் திரும்பவும் ஆள் வந்தது. மேஸ்திரியின் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனோம். அடி இல்லை, பிள்ளை இருக்கட்டும் என்றார் டீச்சர். ஆனால் உப்புமா வைத்து வெகுநேரமாகிறது, ஒரு பிள்ளையும் கையை முன்னால் கொண்டுவர மாட்டேன் என்கிறது என்றார்.

மேஸ்திரி அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். மெதுவாகக் கையை அவிழ்த்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். எல்லாக் கையும் முன்னால் வந்தது. உப்பு போதவில்லை போலிருக்கிறது. டீச்சர் பக்கம் சடாரென்று திரும்பினார். எல்லாத் தலையும் திரும்பியது.

"நல்லாருக்கு" என்றார் மேஸ்திரி.

"நல்லாருக்கு" என்றார்கள் அத்தனை பேரும்.